நீலப் பென்சில்

வெறும் மருந்து கொதித்து அடங்கியது. நிறம் மாறவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது.

சாஜிதா பேகம் கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கிலிருந்து விலக்கினாள். குழாயின் கழுத்தைத் துணி காயப்போடுகிற மரக்கிளிப்பு கவ்வியிருந்தது. மூத்திரத்தில் சர்க்கரை பார்க்கிற வேலைக்கு இது முதல் படி. மருந்தைத் தனியாகக் கொதிக்கவிட்டு, அது கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, இங்க் பில்லரால் எட்டே எட்டுச் சொட்டு விட்டு மறுபடியும் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல். நான்கு வருஷமாக விடிந்ததும் இதைச் செய்கிறாள். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை தானாகச் செய்துவிடும்.

"ஏனுங்க, எந்திரிங்க. மருந்து ஆறிப்போகுது."

ஜன்னலோரக் கட்டிலில் நாகூர் மீரான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தினமும் இந்தக் குரலுக்குக் கண்ணைத் திறக்காமலே ஒரு பதில் சொல்வார். "முதல்ல என்ன நிறம்னு சொல்லு, அப்புறம் எந்திரிக்கிறேன்." மூத்திரமே கொடுக்காமல் நிறத்தைக் கேட்கிற மனிதரை என்ன செய்வது? அவளும் விடாமல், "நீலந்தானுங்க, எந்திரிங்க" என்பாள். ஒரு வருஷமாக அவர்களுடைய காலை இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

இன்றைக்குப் பதில் வரவில்லை.

ஆடிக்காற்று ஜன்னல் திரையை உள்ளே தள்ளியது. திரை அவர் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. தோள் அசைந்த மாதிரி இருந்ததால் அவள் சமாதானமானாள். சரி, இன்னும் ஐந்து நிமிஷம் தூங்கட்டும், அதற்குள் அடுத்த வேலையைப் பார்த்துவிடலாம் என்று கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள்.

அடுத்த வேலை, பாதங்களைப் பார்ப்பது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாது, வீட்டில் ஒருத்தர் தினமும் பார்த்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்தாள். விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால். ஒரு கீறல் இல்லை. இடது பாதம். அதிலும் ஒன்றும் இல்லை. நல்ல பாதங்கள் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அவை எவ்வளவு குளிர்ந்திருக்கின்றன என்பது உறைத்தது.

அவள் கத்தவில்லை. எழுந்து வந்து விளக்கை மூடி போட்டு அணைத்தாள். குழாயைக் கிளிப்போடு ஜன்னல் கட்டையில் இருந்த டம்ளருக்குள் நிறுத்தினாள். சிந்தியிருந்த ஒரு சொட்டு மருந்தை முந்தானையால் துடைத்தாள். எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி முடித்த பிறகு, செய்வதற்கு வேறு எதுவும் இல்லை என்று ஆனதும், அடுத்த வீட்டுச் சுவரைக் கையால் தட்டினாள்.

கோட்டைமேட்டுச் சந்தில் ஒரு வீட்டுச் சுவரைத் தட்டினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஏழு மணிக்குள் வாசலில் செருப்பு விட இடமில்லை. அடுத்த வீட்டு அப்துல் மஜீத், பொள்ளாச்சியில் இருக்கிற மகள் ரிஃபத்துக்குச் சொல்ல எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். செல்வபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய ஹபீபுன்னிசா, நாகூர் மீரானுக்கு அக்கா, வாசலிலேயே குரலெடுத்து அழுதுவிட்டு, உள்ளே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயை எங்கே விரிப்பது, யாரை எங்கே உட்காரவைப்பது என்று பார்க்க ஆரம்பித்தாள். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். சாஜிதா வாங்கிக் கீழே வைத்தாள். அது ஆடை கட்டிக் கிடந்தது.

அவளுக்கு எல்லாம் தண்ணீருக்குள் உட்கார்ந்து கேட்பது மாதிரி இருந்தது. சத்தங்கள் தூரமாகப் போய்விட்டன, நிறங்கள் மட்டும் முகத்துக்கு அருகே வந்து நின்றன. ஒவ்வொரு பெண்ணாக உள்ளே நுழைய, அவள் உடுத்தியிருக்கிற புடவையின் பெயர் சாஜிதாவின் காதுக்குள் ஒலித்தது. அவருடைய குரல்தான். இது கிளிப்பச்சை. இது பாசி, கிளிப்பச்சை இல்லை, நல்லாப் பாரு. இது வெங்காயத்தோல். இது துவைச்சுத் துவைச்சு செத்துப்போன மாம்பழ மஞ்சள், பொறந்தப்ப எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுக்க. அவள் தலையைத் தலையை ஆட்டினாள். பார்த்தவர்கள் பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நிற விஷயத்தில் அவர் அப்படித்தான். பெரிய கடைவீதிப் பெயின்ட் கடையில் முப்பது வருஷம் நிறம் கலக்கியவர். சுவரிலிருந்து பெயர்ந்த காரைத்துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்து, இதே நிறம் வேண்டும் என்று கேட்டு நிற்பவர்களுக்கு, அந்தத் துண்டை ஒரு தரம் வெயிலிலும் ஒரு தரம் நிழலிலும் பார்த்துவிட்டு டப்பாவில் கலந்து கொடுப்பார். சரியாக இருக்கும். நிறத்தின் பெயரை யாராவது தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. ரிஃபத்தின் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மயில்கழுத்து நிறத்தில் பட்டு எடுத்திருக்கிறோம் என்று சொல்ல, சபையில் உட்கார்ந்துகொண்டு "இது மயில்கழுத்து இல்லீங்களே" என்றார். சம்பந்தமே கொஞ்சம் ஆடி நின்றது. மாப்பிள்ளை சிரித்ததால் பிழைத்தது.

சர்க்கரை வந்ததும் அவருக்கு முதலில் நினைவு வந்தது அவரைப் பெற்ற அத்தாவின் கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு அந்த மனிதர் மூன்று வருஷம் இருந்தார், மூன்று வருஷமும் இல்லாத கால் அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாகூர் மீரானுக்கு மௌத்தாகிப் போவதைப் பற்றிப் பயமில்லை. காலைப் பற்றித்தான் பயம்.

டாக்டர் ஈஸ்வரமூர்த்தியிடம் போய்ச் சேர்ந்தது அந்தப் பயத்தில்தான். டாக்டர் ஒரு சர்க்கரை ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். உக்கடம், கோட்டைமேடு, செல்வபுரம் பக்கம் முந்நூறு குடும்பங்கள். வீட்டிலேயே தினமும் சோதித்து நோட்டில் குறித்துவைத்து, அந்த நோட்டைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வந்தால், ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தரம் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைவிட நன்றாக இருப்பார்களா என்பதுதான் அவருடைய கேள்வி. ஆளுக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு. ஒரு பெட்டி கலர் பென்சில். குழாயில் என்ன நிறம் வந்ததோ அதே நிறத்தால் அன்றைய கட்டத்தை நிரப்ப வேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் செய்யலாம்.

"இந்த நோட்டு ரெண்டு வேலை செய்யுமுங்க" என்று டாக்டர் முதல் நாள் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார். "ஒண்ணு, உங்களுக்கு என்ன மருந்துன்னு எனக்குச் சொல்லும். இன்னொண்ணு, உங்களுக்குப் பின்னால வரப்போறவங்களுக்கு எப்படி வைத்தியம் பாக்கறதுன்னு சொல்லும். ஒரு கட்டத்துல பொய் எழுதுனீங்கன்னா ரெண்டும் கெட்டுப்போகும். அதனால என்ன வருதோ அதையே போட்ருங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

அந்த வார்த்தையைச் சாஜிதா இப்போது வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

முதல் மூன்று வருஷம் நோட்டு உண்மையாகத்தான் இருந்தது. உண்மை என்றால் சாதாரண உண்மை இல்லை. ஐந்து நிறம் எனக்குப் போதாது என்று நாகூர் மீரான் பென்சிலோடு பென்சில் கலந்து, பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே நான்கு நிறம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மாதம் ஒருமுறை, மூன்றாவது வியாழக்கிழமை, நோட்டைப் பார்த்துத் தன் தாளில் எழுதிக்கொண்டு போக வருகிற ஆராய்ச்சி ஊழியர் பங்காரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "ஏனுங்க பாய், எங்க தாள்ல அஞ்சு கட்டந்தானுங்க இருக்குது, நீங்க ஒம்பது நெறம் தீட்டி வெச்சிருக்கறீங்க, நான் எதுல கொண்டுபோய்ப் போடறது?"

பிறகு கண்ணில் ரத்தம் கசிந்தது. முதலில் ஒரு புகை. அப்புறம் புகைக்குள் எல்லாம். போன வருஷம் ஆடியில், ஒரு கல்யாண மண்டபத்துக் கேட்டுக்கு நீலம் கேட்டவர்களுக்கு அவர் பச்சையைக் கலந்து கொடுத்துவிட்டார். கேட்டு முழுக்க அடித்துக் காய்ந்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி திட்டவில்லை. தோளைத் தொட்டு, "நீங்க வீட்டுல இருங்க பாய், போதும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மனிதர் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலையில் குழாயில் வந்தது செங்கல். வண்டல் கட்டிய அப்பட்டமான செங்கல். கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை நீட்டி, "என்ன நிறம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. எல்லோரும் அவரிடம் கேட்பதுதான் வழக்கம். அவருடைய முகத்தைப் பார்த்தாள். செங்கல் என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டார். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"நீலமுங்க" என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேனுங்க. நல்ல நீலம்."

அவர் குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கடைக்காரப் பழக்கம், கையில் எது கிடைத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. தெரியாத கண்ணுக்கு அது எதற்கு என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நீலப் பென்சிலைக் கேட்டு வாங்கி, கட்டத்தைத் தடவிப் பார்த்து, மெதுவாகத் தீட்டினார். தீட்டி முடித்த பிறகு கோட்டுக்குள் அடங்கியிருக்கிறதா என்று கட்டை விரல் நகத்தால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு, "என்ன பலகாரம்?" என்று கேட்டார். அவளுக்கு உயிர் வந்தது.

ஒரு நாளோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். பொய் ஒரு நாளோடு நிற்கிற சாமானா? மறுநாள் ஆரஞ்சு வந்தது, நீலம் என்றாள். உண்மையிலேயே நீலம் வந்த நாட்களும் உண்டு, அன்றைக்குச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கூடுதலாக எழும்பிவிடும். பொய்க்குப் பரிகாரமாக அவர் தட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்தாள், காய் கூட வைத்தாள், தேங்காயைக் குறைத்தாள். வீட்டில் வெல்லம் வாங்குவதை நிறுத்தினாள். நடுவில் ஒரு நாள் அவர் மஜீத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, "ராத்திரிக்கும் ஒரு ஊசி போடணுமாம், ஆராய்ச்சியில எல்லாருக்குமே ரெண்டு வேளையாக்கிட்டாங்க" என்றார். சரியென்று அன்றிலிருந்து இரவிலும் ஊசி போட்டாள். நோட்டு பக்கம் பக்கமாக நீலமாகிக்கொண்டே போனது. பங்காரம்மா வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம் போல என்று சாஜிதா நினைத்துக்கொண்டாள்.

இப்போது அலமாரித் தட்டில், போன வருஷம் ஆடியில் புதிதாகக் கொடுத்த பென்சில் பெட்டி திறந்து கிடந்தது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நான்கும் சீவாத பென்சில்களாக உயரமாக இருந்தன. நீலம் மட்டும் சுண்டுவிரல் அளவுக்குக் குறைந்திருந்தது. அதுவும் இரண்டாவது நீலம். யாராவது அந்தப் பெட்டியை ஒரு தரம் பார்த்தாலே போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. நான் நீலம் நீலமென்று சொன்னதை நம்பித்தானே டாக்டர் மருந்து கொடுத்தார்? உள்ளே செங்கல் ஏறிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினோரு மணிக்கு ரிஃபத் வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பகல் தொழுகை முடிந்து ஆண்கள் அவருடைய மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டிவிட்டு வந்த மஜீத், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "காலு ரெண்டும் பச்சப்புள்ள காலாட்டமா இருக்குதுங்க. ஒரு சின்னப் புண்ணு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஃபன் துணி சுற்றி, முகம் மட்டும் திறந்து, கூடத்தின் நடுவே கிடத்தினார்கள். வெள்ளை. காதுக்குள் இருந்த குரல் இதற்கு ஒரு பெயரும் சொல்லவில்லை.

ஹபீபுன்னிசா அவளருகே வந்து குனிந்தாள்.

"சாஜிதா, அஸர் தொழுகைக்கு எடுத்துருவாங்க கண்ணு. வந்து முகத்தப் பாத்துக்க. பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிரு."

போகிறவர் தெரிந்தோ தெரியாமலோ குறை ஏதும் வைத்திருந்தால், அதைச் சுமந்துகொண்டு போகக்கூடாது. அதனால் பந்துக்களும் அண்டை அயலும் ஒவ்வொருவராக வந்து பொறுத்துக்கொண்டேன் என்று சொல்வார்கள். மற்ற யார் சொல்வதைக்காட்டிலும் பெண்டாட்டி சொல்ல வேண்டும். சாஜிதா எழுந்து போய் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. நான் எதைப் பொறுத்துக்கொள்வது? பொறுத்துக்கொள்ள வேண்டியவர் வாயில் பஞ்சு வைத்துக் கிடக்கிறார்.

"சொல்லு கண்ணு."

"முடியலீங்க அக்கா."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் சொல்ல மாட்டேன் என்கிறாளே, அப்படி என்ன செய்துவிட்டார் இந்தச் சாது மனிதர் என்று மூலைக்கு மூலை புருவங்கள் ஏறின. ஹபீபுன்னிசாவின் முகம் சுண்டிப்போனது. தம்பியை இப்படி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. "கொஞ்ச நேரம் போவட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அஸருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அப்போதுதான் வாசலில் பங்காரம்மா வந்து நின்றாள்.

அன்று மூன்றாவது வியாழக்கிழமை. வெயிலுக்குத் தலையில் போட்ட முந்தானையும், தோளில் தொங்குகிற ஆராய்ச்சித் தாள் பையுமாக வழக்கம்போலத்தான் வந்தாள். செருப்புக் கூட்டத்தைப் பார்த்ததும் கால் நின்றது. பையை முதுகுக்குப் பின்னால் தள்ளி மறைக்கப் பார்த்தாள். கையிலிருந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையே பிடித்துக்கொண்டு, "தெரியாம வந்துபோட்டேனுங்க" என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்டாள். பிறகு அழுதாள்.

சாஜிதா எழுந்தாள். பங்காரம்மாவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு, அந்த ஜன்னலோரக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோயி அடுப்புல போட்ருங்க அம்மணி. உங்க தாள்ல ஏத்தாதீங்க. இது பூரா பொய்யி."

பங்காரம்மா குடையைக் கட்டிலோரம் சாய்த்து வைத்தாள்.

"ஒரு வருஷமா பொய்யி. செங்கல் வந்தப்ப நீலம்னு சொன்னேன். ஆரஞ்சு வந்தப்பவும் நீலம்னு சொன்னேன். அவருக்குக் கண்ணு தெரியாது, நான் சொன்னத நம்பித் தீட்டுனாரு. டாக்டரு அதை நம்பி மருந்து குடுத்தாரு. நாந்தான் கொன்னுபோட்டேன்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கிக் காற்றாகிவிட்டது. "இதை வெச்சு வேற யாருக்காச்சும் வைத்தியம் பாத்தா அவங்களும் போயிருவாங்க. டாக்டருகிட்டச் சொல்லிருங்க."

பங்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நோட்டைத் திறந்து, நீலம் நீலமாக நிறைந்த ஒரு தாளைத் திருப்பினாள். சாஜிதாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாளின் பின்பக்கத்தில் வைத்தாள்.

"இப்படியே தடவுங்க. மெதுவா."

விரல் நகர்ந்தது. வழவழப்பான தாள். பிறகு ஒரு மேடு, அரிசி நுனி அளவு. கொஞ்சம் தள்ளி ஒட்டினாற்போல இரண்டு மேடு. அப்புறம் வழவழப்பு. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. ஒன்று.

"நகமுங்க" என்றாள் பங்காரம்மா. "உங்க ஊட்டுக்காரரோட நகம்."

சாஜிதாவுக்கு விளங்கவில்லை.

"நெறந்தான் அவருக்குத் தெரியலீங்க. வெளிச்சம் தெரிஞ்சுதுங்க. குழாயத் தூக்கி ஜன்னல்ல புடிப்பாரில்லீங்களா? நீலமா இருந்தா வெளிச்சம் அப்படியே உள்ள வரும். சக்கரை இருந்தா மருந்து கலங்கிப்போயிரும். செங்கலாயிட்டா வெளிச்சத்தையே மறைச்சுப்போடும். 'முப்பது வருசம் பெயின்ட் கலக்குனவன், எது மறைக்கும் எது மறைக்காதுன்னு எனக்குத் தெரியாதா'ன்னு டாக்டருகிட்டக் கேட்டாருங்க. கலங்கலா இருந்தா ஒரு நகம். வெளிச்சமே வரலீன்னா ரெண்டு. நாங்க நெறத்தப் பாத்து எழுதலீங்க அம்மணி. நகத்தத்தான் பாத்து எழுதுனோம்."

"அப்ப ராத்திரி ஊசி..."

"அவருக்குத்தானுங்க போட்டது."

"எல்லாருக்குமே ரெண்டு வேளைன்னாருங்களே?"

"எல்லாருக்கும் எங்கீங்க? அவருக்கு மட்டுந்தான்."

சாஜிதா கட்டிலில் உட்கார்ந்தாள். ஆடிக்காற்று திரையைத் தூக்கி அவள் மடியில் போட்டது. எடுத்து விலக்கக் கை வரவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் இந்த ஜன்னலில் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவள் சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு, நீலப் பென்சிலை வாங்கித் தீட்டியிருக்கிறார். கள்ளன். சபை நடுவே மயில்கழுத்தை மயில்கழுத்து இல்லை என்று சொன்ன மனிதர், இந்த வீட்டுக்குள் செங்கலை நீலம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாருங்க. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. நான்கூட ஒருக்கா கேட்டேன், ஏனுங்க பாய், பொண்டாட்டி பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சும் சும்மா இருக்கறீங்களேன்னு." பங்காரம்மா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "'செங்கல் வந்த அன்னிக்கி அவ சோறு திங்க மாட்டா அம்மணி. தட்ட வெச்சுக்கிட்டுப் பெசஞ்சுக்கிட்டே இருப்பா. நீலம்னு சொன்னா திம்பா. அவ திங்கட்டும்'னாருங்க."

வெளியே யாரோ குர்ஆன் ஓதுகிற குரல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டரு இதுக்குன்னே ஆராய்ச்சியில ஒரு தனிப் பக்கம் போட்டிருக்காருங்க" என்றாள் பங்காரம்மா. "கண்ணு போனவங்க எப்படிச் சோதிக்கறதுன்னு. உக்கடத்துல ரெண்டு பேரு, செல்வபுரத்துல ஒரு டீச்சரம்மா, எல்லாரும் இப்ப வெளிச்சம் பாத்துத்தான் நகம் வெக்கறாங்க. பாய் முறைன்னுதான் நாங்க பேரு சொல்லிக்கறது."

"அப்புறம் ஏன் போனாரு?"

பங்காரம்மா நோட்டை மூடினாள். "இருதயமாத்தான் இருக்குமுங்க. சக்கரைக்காரங்களுக்கு வலியே தெரியாம வந்துருமுன்னு டாக்டரு சொல்லுவாரு. அதை முன்னாடியே கண்டுபுடிக்க எந்த நெறமும் இல்லீங்க. எங்ககிட்டயும் இல்லீங்க."

கதவைத் தட்டினார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போகிற சந்தூக் வந்துவிட்டது.

சாஜிதா வெளியே வந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் நகர்ந்து வழி விட்டார்கள். அவள் நேராகப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, ஹபீபுன்னிசாவுக்குக்கூடக் கேட்காதபடி காதருகே குனிந்தாள்.

"பொறுத்துக்கிட்டேனுங்க. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். நீங்களும் பொறுத்துக்கங்க."

அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. காலையிலிருந்து எங்கேயோ அடைபட்டுக் கிடந்தது முழுவதும் சத்தமாக வந்தது. ஹபீபுன்னிசா தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு தூக்கினார்கள். சந்து முனையில் டாக்டர் ஈஸ்வரமூர்த்தி செருப்பில்லாமல் நின்றிருந்ததாகவும், கபர்ஸ்தான் வரை நடந்தே வந்ததாகவும், ஒரு பிடி மண் அவரும் போட்டதாகவும் மஜீத் திரும்பி வந்து சொன்னார்.

பங்காரம்மா கிளம்பும்போது நோட்டைக் கடைசியாகத் தீட்டிய பக்கத்தில் திறந்தாள். "கொண்டுபோகட்டுங்களா அம்மணி?" என்று கேட்டுக்கொண்டாள். இன்றைய கட்டம் வெறுமையாக இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பங்காரம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். சாஜிதா பென்சில் பெட்டியிலிருந்து நீலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டாள்.

மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வீடு ஓய்ந்தது. அன்று அடுப்பு மூட்டக்கூடாது, மஜீத் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்திருந்தன. ரிஃபத் உள்ளறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் ஜன்னல் கட்டையில் நின்ற டம்ளரைப் பார்த்தாள். உள்ளே கிளிப்போடு குழாய். காலையில் கொதித்து ஆறிய வெறும் மருந்து, ஒரு சொட்டுக்கூடச் சேராதது.

"அம்மா, இதை ஊத்திரட்டுங்களா?"

"குடு இங்க."

சாஜிதா குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மேற்கே மேகம் விலகி வெயில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. நீலம். அவள் கண்களை மெல்லச் சுருக்கினாள். திரையும் கம்பியும் கலைந்தன. இன்னும் சுருக்கினாள். நிறம் போயிற்று. வெளிச்சம் மட்டும் அப்படியே உள்ளே வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

அவள் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுக் குழாயை டம்ளருக்குள் திரும்ப வைத்தாள். ஹபீபுன்னிசா தட்டில் சோற்றைப் போட்டுப் பருப்பை ஊற்றிக்கொண்டுவந்து முன்னால் வைத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லையே, ரெண்டு வாயாவது சாப்பிடு கண்ணு என்று கெஞ்சுவதற்குத் தயாராக உட்கார்ந்தாள்.

கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சாஜிதா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.